வாச்சாத்திப் புளி

1992க்கு முன்னால் அரூர் கடைவீதியில் வாச்சாத்தியைப் பற்றி யாராவது பேசினால் அது புளியைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். சித்தேரி மலையடிவாரத்துப் புளிக்குச் சதை அதிகம், நார் குறைவு, நிறமும் எடுப்பாக இருக்கும் என்பார்கள் மண்டிக்காரர்கள். நான் அப்போது ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாசி பிறந்ததும் சுமைகள் வரத் தொடங்கும். சித்திரை முடிகிறவரை பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்த முடியாது.

மலையடிவாரத்து ஊர்களிலிருந்து புளி கொண்டுவருகிறவர்களில் பெண்களே அதிகம். மலையாளிப் பழங்குடி மக்கள். வெளியூர்க்காரர்கள் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இவர்கள் சேர்வராயன், சித்தேரி, கல்வராயன் மலைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழர்கள். மேட்டு நிலத்தில் சாமையும் கேழ்வரகும் போடுவார்கள். காட்டிலிருந்து கடுக்காய், தேன், சீமார்ப்புல் எடுப்பார்கள். தைக்குப் பிறகு கையில் காசு பார்ப்பது புளியால்தான். அதையும் மண்டிக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்து, மரத்தில் காய் பழுப்பதற்குள் விலையைப் பேசி முடித்துவிடுவார்கள். அந்த முன்பணத்தை எழுதியவன் நான் என்பதால் அவர்கள் எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரியும். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அடையாளத்துக்கு ‘ரெட்டைப்பிள்ளை’ என்றும் ‘எடுப்புப்பல்’ என்றும் ‘மேட்டுக்காடு’ என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அவர்களுக்கு அது தெரியும். சில பேர் கடை வாசலிலேயே, “மேட்டுக்காடு வந்திருக்குதுன்னு உங்க நோட்டுக்கிட்டச் சொல்லு” என்று கிண்டல் செய்வார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதாவது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கணக்குத் தம்பி என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சீசன் முழுக்கப் போட்ட சரக்கு, வாங்கிய பணம், ஈரத்துக்கென்று மண்டி பிடித்த கழிவு எல்லாம் மனதில் வரிசையாக இருக்கும். முந்தானை முடிச்சில் புளியங்கொட்டைகளை வைத்திருப்பார். அது கூடைக் கணக்குக்கு. பணக் கணக்குக்கு அதுகூடத் தேவையில்லை. நான் காகிதத்தில் கூட்டிக் கழித்து நிமிர்கிறபோது அவர் விடையோடு நிற்பார். எங்கள் முதலாளி யாரிடமும் தோற்று நான் பார்த்ததில்லை, இந்த அக்காவிடம் தவிர. கழிவில் கால் கிலோ கூடினாலும் சுமையை இறக்க விடமாட்டார். பெயரை எழுதப்போவதில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

சந்தனத்தைச் சொல்லாமல் வாச்சாத்தியின் கதை இல்லை. சித்தேரிக் காட்டில் சந்தன மரம் தானாக முளைக்கும். பட்டா நிலத்தில் முளைத்தாலும் அன்றைக்கு அது அரசாங்கச் சொத்து. எண்பதுகளின் கடைசியில் வெட்டு கூடிக்கொண்டே போனது. வெட்டச் சொல்கிறவன் ஒருவன், லாரி கொண்டுவருகிறவன் இன்னொருவன், தூரத்து ஊரில் விற்று வீடு கட்டுகிறவன் மூன்றாமவன். இந்த மூன்று பேரில் யாரும் மலையடிவாரத்தில் குடியிருக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது மரம் வெட்டி, தோளில் சுமந்து, வண்டிப்பாதைவரை கொண்டுவந்து போட்டதற்கான கூலி. புளி இல்லாத மாதங்களில் அந்தக் கூலிக்குப் போனவர்கள் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள். இதை மறைத்து எழுதி அவர்களைத் தூய்மைப்படுத்த வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சந்தனக் கட்டை சுமந்தவனுக்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அடுத்து நடந்தது எந்தச் சட்டத்திலும் இல்லாதது.

அது சந்தனக் கடத்தல் வீரப்பன் காலம். 1991 நவம்பரில் கர்நாடக வன அதிகாரி ஸ்ரீநிவாஸைக் கொன்றிருந்தான். இரண்டு மாநில அரசுகளுக்கும் அவன் பெயரைக் கேட்டாலே எரிச்சல். வாச்சாத்திக்கும் அவனுக்கும் நடுவில் எத்தனையோ மலைகள். அரூரில் இருந்த எங்களுக்கே அவன் பத்திரிகைச் செய்திதான். ஆனாலும் காட்டை ஒட்டிய ஊர், சந்தனம், மலைவாசிகள் என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் அன்றைக்குக் காக்கிச் சட்டைகளின் மனதில் அவன் முகம்தான் வந்திருக்கும்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. காலையில் வாச்சாத்தியில் வனத்துறைக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தகராறு, ஒரு வனக் காவலருக்கு அடி என்று கடைவீதிக்குச் செய்தி வந்தது. மதியத்துக்குள் லாரிகளும் ஜீப்புகளும் அந்தப் பக்கம் போவதைப் பார்த்தோம். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போயின. பிற்பாடு குற்றப்பத்திரிகையில் வந்த கணக்கு 269 பேர்: வனத்துறையினர் 155, போலீசார் 108, வருவாய்த்துறையினர் 6. வாச்சாத்தியின் மொத்த மக்கள்தொகையே அறுநூற்றைம்பது சொச்சம்தான். கைக்குழந்தையையும் சேர்த்து ஒவ்வொரு ஐந்து பேருக்கும் இரண்டு அரசு ஊழியர்கள். ஆண்களில் பெரும்பாலானவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஓட முடியாதவர்கள் ஆலமரத்தடிக்கு இழுத்துவரப்பட்டார்கள்.

அங்கே நடந்தது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அதை அங்குலம் அங்குலமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மனமில்லை. கட்டை ஒளித்து வைத்த இடத்தைக் காட்டு என்று சொல்லிப் பதினெட்டுப் பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்ந்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியும் உண்டு. அன்றிரவு பெண்கள் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைக்கப்பட்டார்கள். ஊர்க்கவுண்டரை அந்தப் பெண்களின் கையாலேயே துடைப்பத்தால் அடிக்க வைத்தார்கள். இதை முதலில் கேட்டபோது கடையில் எடை போடுகிற பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். மலையாளிகளிடம் ஊர்க்கவுண்டர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்தவர் அவர். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர் வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான் ஊர் நகரும். அந்த ஆளைத் தேர்ந்தெடுத்து அப்படிச் செய்யத் தெரிந்திருக்கிறது என்றால், போனவர்கள் வெறிபிடித்துப் போகவில்லை. ஊர் எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டே போயிருக்கிறார்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகள் அடித்துத் தின்னப்பட்டன. கிணறுகளை நாசம் செய்தார்கள், தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தார்கள். தொண்ணூறு பெண்களும் இருபத்தெட்டுக் குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். அகப்பட்ட ஆண்கள் பதினைந்து பேர்தான்.

அரூர் என்ன செய்தது என்று பிற்பாடு வந்த பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. கடைகள் திறந்திருந்தன. பேருந்துகள் ஓடின. வனத்துறை அலுவலகத்தைத் தாண்டிப் போகிறவர்கள் நடையைக் கூட்டினார்கள். சந்தன வியாபாரத்தில் யார் யாருக்குப் பங்கு என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் யாரும் சத்தமாகப் பேசவில்லை. “திருட்டுக் கட்டைக்குப் போனா இப்படித்தான்” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். பக்கத்திலிருந்தவர், “கட்டைக்குப் போனவன் காட்டுக்குள்ள ஓடிட்டான்யா, அடி வாங்கினது பூரா பொம்பளைங்க” என்றார். அதோடு பேச்சு நின்றது.

மண்டியில் பேரேட்டைத் திறந்தால் வாச்சாத்திப் பக்கங்கள் அப்படியே கிடந்தன. சிலருக்கு நாங்கள் பணம் தர வேண்டியிருந்தது. சிலரிடம் எங்களுக்கு வர வேண்டியிருந்தது. முதலாளி ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர் பெயராகக் கேட்டார். இவர் எங்கே? சேலம் ஜெயில். இவர்? ஜெயில். இவர்? மலைமேல் என்கிறார்கள். இவர்? தெரியாது. பத்துப் பதினைந்து பெயர்களுக்குப் பிறகு மூடி வை என்றார். வரவேண்டிய பாக்கியை அவர் தள்ளுபடி செய்யவில்லை. கருணை காட்டினார் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தரவேண்டியதை மட்டும், ஜாமீனில் வந்தவர்கள் கேட்டபோது, முகத்தைப் பார்க்காமல் எண்ணிக் கொடுத்தார்.

ஜூலையில் சித்தேரி மலையில் பழங்குடி மக்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்த மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களிடம் செய்தி போய்ச் சேர்ந்தது. சங்கத்தின் பெ. சண்முகம் ஊருக்கே போய்ப் பார்த்தார். அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். அங்கிருந்து அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஓர் அரசு அலுவலர் நடந்தது நடந்தது என்று எழுதினாரே, அதை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன். 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதற்குள் வாச்சாத்தி பெயர் எடுத்துவிட்டது. அரூர் பேருந்து நிலையத்தில் சென்னைக்காரர்கள், டெல்லிக்காரர்கள், தோளில் பை மாட்டிய மாணவர்கள் எல்லாம் இறங்கி வாச்சாத்திக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். அதுவரை தீர்த்தமலைக்கு வழி கேட்டு வருகிறவர்களைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். எங்கேயாவது ஓர் ஊரில் போலீஸ் அத்துமீறினால், ‘இன்னொரு வாச்சாத்தி’ என்று தலைப்பு போட்டார்கள். அரூரிலிருந்து ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போய் ஊரைச் சொன்னால், “வாச்சாத்திப் பக்கமா?” என்று கேட்பார்கள். முன்பெல்லாம் ஊரைச் சொன்னால், தருமபுரியா கிருஷ்ணகிரியா என்று கேட்டு, அதுவும் புரியாமல் சேலம் பக்கம் என்று நாங்களே சொல்லி முடித்துக்கொள்வோம்.

இப்படிப் பெயர் எடுத்த ஊரில் பெயர் எடுத்தவர்கள் யாரும் இல்லை. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த அக்கா பதினெட்டில் ஒருவரா, தொண்ணூறில் ஒருவரா என்பதைக்கூட நான் இங்கே எழுதமாட்டேன். ஆனால் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. உலகத்துக்கு அவர்கள் பதினெட்டுப் பேர். அல்லது சாட்சி எண் இத்தனை. எனக்கோ ரெட்டைப்பிள்ளை, எடுப்புப்பல், மேட்டுக்காடு. ஒருத்தி கழிவுக்குச் சண்டை போடுவாள், ஒருத்தி தராசு முள்ளை உற்றுப் பார்ப்பாள், ஒருத்தி கடைசிச் சுமையை இறக்கியதும் சோடா கேட்பாள். அவர்களைப் பற்றிப் பேசவந்த மேடைகளில் ‘அந்த அபலைப் பெண்கள்’ என்று சொல்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். எங்கள் முதலாளியைக் கேட்டிருந்தால் அவர்கள் அபலைகளா என்று சொல்லியிருப்பார்.

அபலைகளாக இருந்திருந்தால் அந்த வழக்கு நின்றிருக்காது. சிறைக்குள் அணிவகுப்பு நடத்தி ஆளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். இவர்கள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்க் கையை வைத்துக் காட்டினார்கள். பணம் தருகிறோம் என்று தூது வந்தது, மிரட்டலும் வந்தது என்று பேச்சு. ஆனால் வாய்தாவுக்குப் போவது நிற்கவில்லை. காட்டுக்குப் போனால்தான் அன்றைக்குச் சோறு என்கிறவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். கோயம்புத்தூருக்கு, கிருஷ்ணகிரிக்கு, தருமபுரிக்கு என்று வழக்கு இடம் மாறியபோதெல்லாம் அவர்களும் மாறினார்கள். அரூர் நிலையத்தில் அதிகாலையில் அவர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். மரியாதையா, கூச்சமா என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. அப்போது நான் மண்டியை விட்டுவிட்டு மகனின் மளிகைக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடையை அடைத்துவிட்டுப் போனேன். வளாகத்துக்குள் போகவே முடியவில்லை, அவ்வளவு போலீஸ். குற்றவாளிகள் பக்கமும் கூட்டம்தான். மனைவிமார்கள், பிள்ளைகள், டிபன் கேரியர்கள். 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி குமரகுரு சொன்னார். ஒருவர்கூட விடுதலையாகவில்லை. பதினேழு பேர்மீது பாலியல் வன்கொடுமை உறுதியானது. அதில் பன்னிரண்டு பேருக்குப் பத்தாண்டு, ஐந்து பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை.

தீர்ப்பு வெளியே வந்ததும் ஒருவர் அழுதார், ஒருவர் செங்கொடியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்த நெரிசலில் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். தலை முழுக்க நரை. “கணக்குத் தம்பிதானே?” என்றார். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, “உன் முதலாளி எனக்கு ஒரு மூட்டைக்குக் காசு வெக்கணும், நெனப்பிருக்குதா?” என்று கேட்டார். முதலாளி காலமாகி வருஷம் ஆயிற்று என்றேன். “அதுக்கு? பையன் இருக்கறானில்ல?” என்றார். பின்னாலிருந்த நிருபருக்கு அந்தப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. அவர் நகர்ந்துவிட்டார்.

மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் போனது. 2023 மார்ச் 4 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே வந்தார். ஆலமரத்தையும் ஏரியையும் நடந்து பார்த்தார். அதே செப்டம்பர் 29ஆம் தேதி, அவர் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற அதிகாரிகள் நடத்திய நாடகம் இது என்ற பொருளில் தீர்ப்பில் சொல்லியிருந்தார். அரூர் டீக்கடை முப்பத்தோரு ஆண்டுகளாக முணுமுணுத்ததை நீதிமன்றம் எழுத்தில் சொன்னபோது, அந்த டீக்கடையில் அன்றைக்குப் பேசியவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அந்த ஆண்டுதான் வாச்சாத்தியை நினைவூட்டுகிற ‘விடுதலை’ படமும் வந்திருந்தது. படம் பார்த்துவிட்டு வாச்சாத்திக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த இளைஞர்கள் என் மகன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினார்கள்.

பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பேருக்கும் தலா பத்து லட்சம், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பதும் தீர்ப்பில் உண்டு. இறந்துவிட்டவர்களின் பங்கு குடும்பத்துக்குப் போகும். அரசு வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்யவும் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். பேரன் வண்டியில் கூட்டி வந்திருந்தான். அவனுக்குப் பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. பேரன்தான் தீர்ப்பைப் பற்றி ஆரம்பித்தான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“பதினெட்டுப் பேருக்கு அஞ்சு அஞ்சு லட்சமின்னா தொண்ணூறு லட்சம்” என்றார். “பதினேழு பேருகிட்ட வசூல் பண்ணணும். ஆளுக்கு அஞ்சேகாலுக்கு மேல கொஞ்சம் வருது.” நான் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். ஐந்து லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

“சரிதானே?”

“சரிதான் அக்கா.”

“அந்தப் பதினேழுல இன்னைக்கு உசிரோட இருக்கறது எத்தினி பேரு? செத்தவன் பங்கை யாரு தலையில போடுவாங்கோ? அதையும் அந்த நீதிபதி சொல்லியிருக்கறாரா, கேட்டுச் சொல்லு.”